பளிங்குச் சுவருக்கு அப்பால்

கண்ணகியின் காற்சிலம்புக்குள் இருந்த நாகமணி எங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலிருந்து போனது என்று அப்பாச்சி சொல்லுவா. சிலப்பதிகாரத்தில் இந்தக் கதை இல்லை. ஈழத்துக் கண்ணகி கோயில்களில் படிக்கப்பட்டு வந்த கண்ணகி வழக்குரையில் இருக்கிறது. மகளின் கலியாணச் சிலம்புக்கு மணி தேடி மாநாய்கன் மீகாமனைக் கடலேற்றுகிறான். நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் வழிமறிக்கிறான். கடலிலே பெரும் சண்டை மூளுகிறது. கடைசியில் மணி காவிரிப்பூம்பட்டினம் போய்ச் சேருகிறது. வெடியரசன் கோட்டை என்று சனங்கள் காட்டும் கற்குவியல் நெடுந்தீவில் இன்றைக்கும் கிடக்கிறது. அப்பாச்சி வேலணையில் பிறந்து வேலணையிலேயே கண்மூடியவ. வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பாண்டியன் சபையில் உடைந்த சிலம்பிலிருந்து தெறித்தது எங்கள் கடலின் மணி என்பதில் அவவுக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை.

நயினாதீவுக்குப் போனால் இன்னொரு சிலம்பு. தக்கன் வேள்வியில் உயிர்விட்ட தாட்சாயணியின் உடல் துண்டு துண்டாகிப் பூமியெங்கும் விழுந்தபோது, காற்சிலம்பு விழுந்த இடம் நயினாதீவு என்பது நாகபூஷணி அம்மன் கோயில் மரபு. ஒருத்தியின் உடல் சிதறியபோது விழுந்த சிலம்பு, இன்னொருத்தி நீதி கேட்டுப் போனபோது ஏந்திப்போன சிலம்பு, இரண்டும் இந்தச் சின்னக் கடலைச் சுற்றியே பேசப்படுகின்றன. பெண்ணுடல் கலையில் எப்படியெல்லாம் பொருள் மாறி வந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் அருங்காட்சியகங்களுக்குப் போகமுதல், நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் துறைக்குத்தான் போகிறது.

அம்பாளை நான் பார்த்தது பட்டுக்கும் பூவுக்கும் நடுவில். ஆனித் திருவிழாவில் வெளிவீதி வரும்போது தெரிவது முகமும் கைகளும்தான். மற்றதெல்லாம் சேலை, ஆரம், மாலை. உள்ளே உலோகத்தில் வார்த்த உடல் இருக்கிறது, அதற்குத் தோளும் மார்பும் இடையும் உண்டு என்பது சின்ன வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. பிள்ளைவரம் கேட்டு வரும் பெண்கள் நாக உருவங்களை நேர்த்தி வைப்பார்கள். அவர்கள் அம்பாளிடம் அழகைப் பார்க்க வரவில்லை. தங்கள் வயிற்றைப் பற்றிப் பேச வந்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார்கள்.

வேலணையில் எங்கள் வளவுக் கிணற்றடியில் அப்பாச்சி குறுக்குக்கட்டோடு நின்று துலாவால் தண்ணீர் அள்ளி வார்ப்பா. வற்றிய தோள், தொங்கிய மார்பு, ஒன்பது பிள்ளை பெற்ற வயிறு. வீட்டுக்குள்ளும் பல வேளை மேற்சட்டை இல்லாமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டபடிதான் இருப்பா. ஒருநாள் கேட்டேன்.

“அப்பாச்சி, நீங்கள் ஏன் சட்டை போடுறேல்லை?”

“உந்தச் சட்டை எல்லாம் உங்கட அம்மா காலத்தில வந்தது மோனை. எனக்கென்ன, நாலு பிள்ளையளைப் பறிகுடுத்த நெஞ்சு. இதை ஆர் பாக்கப் போறான்?”

அந்தப் பதிலின் இரண்டாவது பாதி விளங்க எனக்கு வயதாக வேண்டியிருந்தது. தன் உடலைத் தான் பட்டதைக் கொண்டு அளந்த ஒருத்தியின் பேச்சு அது.

அதே ஊரில், அதே காலத்துக்குச் சற்று முன்வரை, சட்டை போட விரும்பியும் போட முடியாதிருந்த பெண்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடை போடக்கூடாது, தோளில் துணி விழக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பல்லாண்டு போராடி 1859 இல்தான் அரச ஆணை கிடைத்தது. இங்கே ஆணை ஒன்றும் வரவில்லை. அடி வாங்கியும் துணி கிழிபட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்ட உரிமை அது. அம்பாளுக்குப் பட்டு மேல் பட்டாகச் சாத்திய கைகளே, கோயில் வீதிக்கு வெளியே நின்ற பெண்ணின் தோளில் துணி கிடந்தால் இழுத்துப் போட்டன. மறைப்பதும் திறப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

தெற்கிலும் இதே கதைதான். கண்டி இராச்சியத்தில் ரொடியா சாதிப் பெண்கள் மார்பை மறைக்க அனுமதி இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் புகைப்படக்காரர் அவர்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் ‘இலங்கை அழகி’ என்ற தோரணையில் தபாலட்டைகளாகக் கப்பலேறின. ஒரு சாதி விதித்த தண்டனை ஐரோப்பியன் கைக்குப் போனதும் வெப்பநாட்டுச் சுதந்திரமாகிவிட்டது. நான் பார்த்த அட்டை ஒன்றில் அந்தப் பெண் கமெராவை நேராகப் பார்க்கிறாள். உதட்டில் சிரிப்பில்லை. தோள் இரண்டும் முன்னுக்குக் குறுகியிருக்கின்றன. அந்தக் குறுகலைப் பார்த்தபிறகு அதை அழகு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

தோள் குறுகாத ஒருத்தியை இலண்டனில் கண்டேன். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் நிற்கும் பௌத்தத் தெய்வம் தாரை. எட்டாம் நூற்றாண்டு. பொன்முலாம் பூசிய வெண்கலம். 143 சென்ரிமீற்றர் உயரம், ஏறக்குறைய ஒரு பதின்வயதுப் பெண்ணின் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் எங்கேயோ கிடைத்தது. 1815 இல் கண்டியைப் பிடித்த ஆளுநர் பிரௌன்றிக் அதை எடுத்துப்போய் 1830 இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இடைக்கு மேலே உடையில்லை. வலது கை கீழே நீண்டு வரம் தருகிறது. உயர்ந்த சடைமுடியில், ஒருகாலத்தில் மணி பதித்திருந்த குழி வெறுமையாக இருக்கிறது. இடுப்பில் துணியின் மடிப்புகள் நனைந்ததுபோல் உடலோடு ஒட்டிக்கிடக்கின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே தசையின் மென்மையைக்கூடச் சிற்பி விட்டுவைக்கவில்லை. அவ்வளவு திறந்த உடலில் அழைப்பு என்று ஒன்றும் இல்லை. கண்கள் பாதி தாழ்ந்திருக்கின்றன. கேட்கிறவரின் துன்பத்தை அவள் கவனிக்கிறாள், தன்னைப் பார்க்கிறவரை அல்ல.

இந்தத் தாரையை அருங்காட்சியகம் சுமார் முப்பது ஆண்டு மக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தது. அறிஞர்கள் மட்டும் பார்க்கலாம். கிரேக்க வீனஸ்கள் உடையில்லாமல் நின்ற அதே கட்டடத்தில் இவள் மட்டும் அறைக்குள். வீனஸ் கலை, தாரை ஆசை என்று விக்டோரியா காலத்துக் கண் பிரித்து வைத்தது. வெண்கலத்தை வார்த்தவர்களுக்கு அந்தப் பிரிவு தெரியாது. அவர்களுக்கு நிறைந்த மார்பு அருளின் நிறைவு. சிற்ப சாத்திரத்தின் அளவுகளில் மார்பும் இடையும் தாமரையும் பூரண கும்பமும் ஒரே வரிசையில் வரும் வளமையின் அடையாளங்கள்.

அங்கே நின்றபோது இன்னொரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையும் கலை நூல்களில் இந்தச் சிலைக்குப் பெயர் பத்தினி தெய்வம். பத்தினி எங்கள் கண்ணகி. மார்பைத் திருகி எறிந்தவளின் பெயரை, இரண்டு மார்பும் நிறைந்து நிற்கும் ஒருத்தியின் கீழே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் எழுதியவர்களை மட்டும் குறைசொல்லி என்ன? ஒரு முலை இழந்த கண்ணகியை எந்தக் கோயிலில் செதுக்கி வைத்திருக்கிறோம்? மதுரை எரிந்தது அந்த முலையால். காவியத்தின் உச்சமே அந்த இடம். எங்கள் கற்சிலைகளிலும் செப்புச் சிலைகளிலும் அந்தக் காயத்தை நான் கண்டதில்லை. கிரேக்கத்திலும் இப்படித்தான். அமேசான் பெண்கள் வில் இழுக்க ஒரு மார்பை நீக்கியவர்கள் என்று கதை சொன்னவர்கள், சிலை செய்யும்போது இரண்டையும் ஒழுங்காகச் செய்து வைத்தார்கள். கத்தோலிக்க மரபில் புனித ஆகத்தம்மாளின் மார்பைக் கொடியவர்கள் அறுத்தார்கள். சுர்பரான் என்ற ஸ்பானிய ஓவியர் அவளைக் கழுத்துவரை உடை உடுத்தி, கையில் தட்டேந்தி, தட்டில் இரண்டு மார்புகளோடு வரைந்தார். காயம் தட்டில் இருக்கிறது, உடலில் இல்லை. கை உடைந்த வீனஸ் 1821 முதல் லூவரில் உலகத்து அழகாக நிற்கிறாள். தற்செயலாக உடைந்தால் உலகம் மன்னிக்கும். ஒரு பெண் தானே தன் உடலில் கைவைத்தால் அதைக் கல்லில் பார்க்கச் சிற்பிக்கும் துணிவில்லை, கும்பிடுகிறவர்களுக்கும் துணிவில்லை.

புங்குடுதீவின் கடற்கரையில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. இன்று இராஜராஜேஸ்வரி என்ற பெயரும் சேர்ந்தே வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவத்தை ஆகம வழிக்குள் ஒழுங்குபடுத்தியபோது, சமணக் காவியத்து வணிகப் பெண்ணைச் சைவர் வழிபடலாமா என்று கடுமையாகக் கேட்டார். அந்த அலையில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன்களின் பெயருக்கு மாறின. மட்டக்களப்பில் கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். வைகாசியில் குளிர்த்தி பாடி அவள் சூட்டை ஆற்றுகிறார்கள். எங்கள் பக்கத்தில் காயப்பட்டவள் போய் அரசி வந்தாள். கைம்பெண்ணாகி வீதியில் தலைவிரித்து நின்ற உடல், சிங்காசனத்தில் அமர்ந்த உடலாயிற்று. அப்பாச்சி மட்டும் கடைசிவரை ‘கண்ணகை’ என்றே கூப்பிட்டா. அரசியிடம் கேட்க அவவுக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த நெஞ்சு இன்னொரு நெஞ்சைத் தேடிப் போனது.

ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகள், உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964 இல் தோன்ற முன்னின்றவர். அந்த மன்றத்தின் இரண்டாவது மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடந்தபோதுதான் மெரீனாவில் கண்ணகி சிலை எழுந்தது. கையில் சிலம்பு, நீண்ட கை, விரிந்த கூந்தல். அந்தச் சிலை அறத்துக்கும் தமிழுக்கும் அடையாளம். 2001 இல் அதை அகற்றியபோது எழுந்த எதிர்ப்பும் 2006 இல் மீண்டும் நிறுவியதும் அதன் பலத்தைக் காட்டின. அங்கேயும் சிலம்பு இருக்கிறது, காயம் இல்லை. பெண்ணுடல் ஓர் இனத்தின் அடையாளமாகும்போது முதலில் மறைவது அவள் பட்ட வலி.

ஊர்காவற்றுறையில் வளர்ந்த என் சிநேகிதி வீட்டில் மாதா சொரூபம் நீல முக்காட்டோடு இருக்கும். எங்கள் சாமியறையில் சட்டை போட்ட இலட்சுமி படமாக இருந்தா. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் தெய்வங்கள் எப்பவும் இப்படித்தான் உடுத்தியிருந்தார்கள் என்று நம்பினோம். பதினைந்தாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவின் கோயில்களில் மாதா குழந்தைக்கு மார்பைத் திறந்து பாலூட்டிக்கொண்டிருந்தா. தேவதாயின் பால் பசிகொண்ட ஊர்களுக்கு நம்பிக்கை. 1563 இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் திருப்படங்களில் ஆசையைத் தூண்டும் எதுவும் கூடாது என்று விதித்தது. இரண்டு வருடத்துக்குள் மைக்கலாஞ்சலோவின் இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் இடைக்குத் துணி வரையப்பட்டது. பாலூட்டும் மாதாவும் மெல்ல மெல்லப் பின்வாங்கினா. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தபோது அவர்கள் கொண்டுவந்தது அதற்குப் பிந்திய காலத்து மாதா. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துப் புதுமை மாதா சொரூபத்தைக் கொச்சியில் ஓர் இந்துச் சிற்பி செதுக்கினார் என்றும், 1658 இல் ஒல்லாந்தர் வந்தபோது அதைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள் என்றும் கத்தோலிக்க மரபு சொல்லும். அம்மன் செய்து பழகிய கை அந்த முக்காட்டைச் செதுக்கியபோது என்ன நினைத்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

சாமியறை இலட்சுமிக்கும் பிறந்த வருடம் உண்டு. 1894 இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த பரம்பரை அது. சேலையும் சட்டையும் உடுத்த தெய்வங்கள் அங்கிருந்து வீடுவீடாகப் போனார்கள். நல்ல குடும்பத்துப் பெண் எப்படி இருப்பாள் என்பதைத் தெய்வம் படத்திலிருந்தபடி சொல்லிக்கொடுத்தது. எங்கள் அம்மா தலைமுறை அந்தப் படத்தைப் பார்த்தே சேலை கட்டியது. அப்பாச்சியைச் சட்டை போடச் சொல்லி அம்மா மன்றாடியதும் அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான்.

பார்வையிலிருந்து தப்பிய ஒருத்தியின் கதையும் எங்கள் தீவில் இருக்கிறது. நயினாதீவே மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் என்று ஊரிலும் சொல்லுவார்கள், ஆய்வாளர் பலரும் சொன்னார்கள். மணிமேகலை அங்கே போகமுதல் வரும் காட்சிதான் என்னை விடாதது. புகாரின் உவவனத்தில் இளவரசன் உதயகுமாரன் வருகிறான் என்று மணிமேகலை பளிக்கறைக்குள் ஒளிகிறாள். பளிங்கு மறைக்கவில்லை, காட்டுகிறது. அவன் வெளியே நின்று பார்த்து அதை ஓர் ஓவியம் என்றே எண்ணி விலகப் பார்க்கிறான். ஆனால் மார்பின் குறுக்கே அவள் இறுக்கிப் பிணைத்திருந்த கைகள் அவள் உயிருள்ளவள் என்று காட்டிக் கொடுத்துவிடுகின்றன. சாத்தனார் இதை எழுதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகின்றன. பெண் படமாக இருக்கும்வரை அவளைக் கடந்து போகலாம். உயிர் என்று தெரிந்ததும் ஆசை பின்தொடர்கிறது. தன்னை மறைக்க அவள் செய்த ஒரே அசைவு அவனுக்கு அழகாகத் தெரிகிறது. இவ்வளவும் ஒரே காட்சியில் இருக்கின்றன. தபாலட்டைப் பெண்ணின் குறுகிய தோள்களும் அந்தப் பிணைத்த கைகளும் எனக்கு ஒன்றுதான்.

அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக் கடல் தாண்டி மணிபல்லவத்தில் விடுகிறது. அந்தத் தீவில் அவளைப் பார்க்க ஆண் ஒருவனும் இல்லை. வேற்றுருக் கொள்ளும் மந்திரமும் வான்வழி போகும் மந்திரமும் பசி தாங்கும் மந்திரமும் அவளுக்குக் கிடைக்கின்றன. கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி கிடைக்கிறது. திரும்பி வரும்போது அவள் உடல் பார்ப்பதற்கான பொருள் அல்ல, ஊருக்குச் சோறு போடும் கை. பிறகும் உதயகுமாரன் விடவில்லை. அப்போது அவள் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவம் எடுத்து, நரைத்த மூதாட்டி ஒருத்தியை அவனுக்குக் காட்டி, கூந்தலிலிருந்து கால்வரை புலவர்கள் பாடிய ஒவ்வோர் அழகும் என்ன ஆனது பார் என்கிறாள். அதில் முதுமை மேல் வெறுப்பும் கலந்திருக்கிறது என்பது எனக்கு நோகும். கிணற்றடியில் நின்ற அப்பாச்சியின் உடல் வெறுப்புக்குரியதாக எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த நோவை ஆற்றியது காரைக்கால் அம்மையார். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்குள் அவரும் இருக்கிறார். அழகிய உமையம்மையை வார்த்த அதே மரபு, விலா எலும்பு தெரிய, மார்பு வற்றித் தொங்க, கையில் தாளத்தோடு பாடி மகிழும் கிழவியையும் வார்த்தது. வணிகர் வீட்டு அழகியாக இருந்தவர் கேட்டு வாங்கிக்கொண்ட பேயுருவம் அது. சிற்பி அதை அருவருப்பாகச் செய்யவில்லை. முகத்தில் ஆனந்தம். அந்தத் திருமேனியின் படத்தை முதன்முதல் பார்த்தபோது எனக்கு வேலணைக் கிணற்றடி நினைவு வந்தது. கலை ஒருதடவையாவது என் அப்பாச்சியின் உடலைக் கண்டிருக்கிறது என்று மனம் நிறைந்தது.

பிறகு போர் வந்தது. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகைக் கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். வெடியரசன் கதை கேட்ட கடல் அதன்பின் எங்களுக்கு வேறு கடல். சுவரொட்டிகளில் சீருடையும் மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலுமாகப் போராளிப் பெண் என்ற புதிய பெண்ணுடல் வந்தது. போர் முடிந்த 2009 க்குப் பிறகு கால் இழந்து, கண் இழந்து வீடு திரும்பிய அதே பெண்களைச் சுவரில் ஒட்ட ஒருவரும் இல்லை. மறுபடியும் சிலம்பு வேண்டும், காயம் வேண்டாம். 2015 இல் புங்குடுதீவில் ஒரு பாடசாலை மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு வடக்கெங்கும் பெண்களும் மாணவர்களும் வீதிக்கு இறங்கினார்கள். அந்த நாட்களில் அவளுடைய படம் கைபேசி கைபேசியாகப் போனதை நினைத்தால் இப்பவும் உடல் பதறுகிறது. கண்ணகிக்குக் கோயில் கட்டிய மண்ணில் ஒரு பிள்ளையின் உடலுக்கு மரணத்தின் பின்னும் ஒதுங்க இடம் கிடைக்கவில்லை.

இலங்கைக் கலைஞர் அனோலி பெரேராவின் புகைப்பட வரிசை ஒன்றில் பெண்கள் பழைய ஸ்ரூடியோப் படங்களில்போல நாற்காலியில் நிமிர்ந்து இருக்கிறார்கள். முகத்தைக் கூந்தல் முழுதாக மூடியிருக்கிறது. தபாலட்டைக்காரனுக்கு நூறு வருடம் கழித்து வந்த பதில் அது. மட்டக்களப்பில் வாசுகி ஜெயசங்கர் பல வருடமாகப் பெண்ணுடலைப் பெண் நிலையிலிருந்து வரைந்து வருகிறார். இவர்கள் பளிக்கறைக்கு உள்ளே இருந்து வெளியே பார்த்து வரைகிறவர்கள். பெண்ணுடலின் பொருள் எத்தனையோ முறை மாறியிருக்கிறது: வளம், அருள், ஆசை, தண்டனை, மானம், இனம், சாட்சி. அத்தனை தடவையும் பொருளைச் சொன்னது வெளியே நின்றவர். இப்போது நடப்பது இன்னொரு பொருள் மாற்றம் அல்ல. சொல்லுகிறவர் மாறுகிறார்.

எட்டாம் ஆண்டில் சித்திரப் பாடத்துக்குக் கிணற்றடி ஒன்று கீறினேன். குறுக்குக்கட்டோடு அப்பாச்சி. வடிவாய் ஒரு சேலை உடுத்திவிடு, பிள்ளைக்குக் கை திருத்தம், ஆனால் இது கூடாது என்று ஆசிரியர் சொன்னார். உடுத்திவிட்டேன். புள்ளியும் கிடைத்தது. தீவுப் பள்ளிக்கூடங்களில் இன்றைக்கும் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்கள் ஒரே இடையோடும் ஒரே கொண்டையோடும்தான் வருகிறார்கள். கீறுகிற பிள்ளையின் அம்மா கருவாடு காயவைத்துக் கறுத்த தோளோடு, மருந்துக்கு வரிசையில் நின்று வீங்கிய காலோடு வீட்டில் இருக்கிறா. நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு பெண்பிள்ளை அந்த அம்மாவைக் கீறத் தொடங்கும்போது, வடிவாய்க் கீறு என்று சொல்லாமல் கண்டதைக் கீறு என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். கோயில் கட்ட வெளிநாட்டிலிருந்து எவ்வளவோ பணம் வருகிறது. அதில் ஒரு பங்கு சித்திர அறைகளுக்கும் வரட்டும். ஒரு முலையோடு நிற்கும் கண்ணகியை இதுவரை ஒருவரும் செதுக்கவில்லை என்றால், அதைச் செய்யப்போகும் கை இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குள்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மணியைக் கொடுத்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு.